ஆறு பத்து வண்டிக்காரர்கள்

இரண்டாயிரத்துப் பதினேழாம் ஆண்டு நவம்பர் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஆறு முப்பத்தைந்துக்குப் பதினேழாம் எண் பேருந்து கல்குவாரி நிறுத்தத்தில் நின்றது. ஒரு பெண் இறங்கினாள். அவள் டிக்கெட் வாங்கியிருந்த இடத்துக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர் இருந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. வண்டிக்குள் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள்.

அது ஆறு பத்து வண்டி. குடியிருப்பில் கிளம்பி, பாலம் தாண்டி, குவாரி வழியாகத் தொழிற்பேட்டைக்குப் போகிற முதல் நடை. ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் தினசரி ஆட்கள். எவர் எங்கே ஏறுவார், எந்த சீட்டில் உட்காருவார், எந்த வளைவில் தூங்கி விழுவார் என்பதெல்லாம் கண்டக்டருக்குத் தலைகீழ்ப் பாடம். பெயர் மட்டும் ஒருவருடையதும் தெரியாது. அதற்கு அவசியமும் வந்ததில்லை. அவரே ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார். முன்சீட்டில் ஏறியதும் கண்ணை மூடுகிறவர் தூங்குமூஞ்சி வாத்தியார். இரண்டு கையிலும் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வருகிறவள் ரெட்டைத் தூக்கு அக்கா. காலியாக இருந்தாலும் படியிலேயே நிற்கிற வெல்டர், படிக்கட்டு ராஜா. வைத்த பெயர் ஒரு வாரத்தில் வண்டி முழுக்கப் பரவிவிடும். பெயர் வாங்கியவரும் சிரித்துக்கொள்வார்.

பஞ்சுத்தலை என்பதும் அவர் வைத்ததுதான். முப்பது வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. தொழிற்பேட்டையில் மெத்தை தைக்கிற பட்டறையில் வேலை. எவ்வளவு சீவினாலும் காதோரம் ஓர் இழை வெள்ளையாக ஒட்டியிருக்கும். பின்வாசல் பக்கம், கண்டக்டர் சீட்டுக்கு நேர் முன்னால், ஜன்னலோரம் அவள் இடம். அதிகம் பேசமாட்டாள். அக்டோபர் கடைசியில் ஒருநாள் பேசினாள்.

இருபத்திரண்டு வருடமாகக் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற விதம் ஒன்றுதான். வலது கட்டைவிரலை நாக்கில் ஒரு தொடு, டிக்கெட் கட்டின் மேல் ஒரு தள்ளு, ஒரு கிழி. நின்றுகொண்டே, தூணில் சாய்ந்துகொண்டே, குழியில் வண்டி குதிக்கும்போதே கிழிப்பார். அந்த வேகத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அன்று அவள் கையை நீட்டிவிட்டுச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அண்ணே, எச்சி தொடாம குடுங்க."

"ஏம்மா, என் எச்சி என்ன விஷமா?"

"விஷமோ அமுதமோ, என் டிக்கெட்டுல வேணாம்."

வண்டி கொல்லென்று சிரித்தது. வாத்தியார்கூடக் கண்ணைத் திறந்தார். டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்து, "மாப்ள, இனிமே அமுதத்துக்குத் தனியா ஒரு கவுண்டர் போட்டுடு" என்று கத்தினார். இரண்டு பேருக்கும் உறவு ஒன்றும் கிடையாது. பதினாலு வருடம் ஒரே வண்டியில் ஓடியதில் மாமா, மாப்பிள்ளை ஆகியிருந்தார்கள்.

மறுநாள் டெப்போவில் கண்டக்டர் பெயர் அமுதம். டயர் போடுகிறவர் கூப்பிட்டார், டீக்கடைக்காரர் கூப்பிட்டார். ஊருக்கெல்லாம் பெயர் வைத்தவருக்கு ஒரு பெயரைத் தாங்கத் தெரியவில்லை. தபால் ஆபீசில் ஸ்டாம்பு நனைக்க வைத்திருப்பார்களே, அதுபோல ஒரு சின்ன டப்பியும் பஞ்சும் வாங்கித் தோல் பையின் ஓரத்தில் கட்டிக்கொண்டார். அவள் முறை வரும்போது மட்டும் விரலை அதில் மூன்று தடவை அழுத்தி, எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டிவிட்டுக் கிழிப்பார். அவள் வாங்கிப் பையில் வைத்துக்கொள்வாள்.

ஆகஸ்டிலிருந்து அவருக்கே இருமல் இருந்தது. கத்துகிற தொண்டை, புகை குடிக்கிற தொண்டை, இருமாமல் என்ன செய்யும் என்று மருந்துக் கடையில் ஒரு பாட்டில் வாங்கிக் குடித்தார். முடிந்ததும் இன்னொன்று. வீட்டில் மனைவி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். சட்டை தோளில் தொளதொளவென்று ஆனது. இடுப்பு வாரில் அவரே ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டார்.

நவம்பர் ஒன்பதாம் தேதி வண்டி கிளம்பும்போதே மழை. இருக்கிற ஷட்டரையெல்லாம் அவரே வரிசையாக இழுத்து இறக்கிவிட்டார். வண்டிக்குள் ஈரத் துணியின் வாடை, குடைத் தண்ணீர், மூச்சு. பாலம் தாண்டியதும் கண்டக்டருக்கு முன்சீட்டிலிருந்து பஞ்சுத்தலையின் இருமல் வந்தது. நிற்காமல் வந்தது. அவள் தன் பக்கத்து ஷட்டரை ஒரு சாண் தூக்கினாள். சாரல் அடித்துப் பக்கத்தில் இருந்த ரெட்டைத் தூக்கு அக்காவின் மடி நனைந்தது.

"ஏம்மா, ஷட்டரை இறக்கு" என்றார் கண்டக்டர்.

"மூச்சு முட்டுதுண்ணே. கொஞ்ச நேரம்."

"உனக்கு மூச்சு முட்டுச்சுன்னா ஊரே நனையணுமா?"

அவள் இறக்கினாள். மறுபடி இருமினாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"இது என்ன இருமல்? ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"பஞ்சுத் தூசிண்ணே. பட்டறையில எல்லாருக்கும்தான் இருக்கு."

"தூசின்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. வண்டியில குழந்தை குட்டி இருக்கு. என் எச்சி உனக்கு ஆகாது. உன் நோய் மட்டும் எல்லாருக்கும் ஆகுமோ?"

இதற்கு யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. அது அவரை இன்னும் கிளப்பிவிட்டது. நீளமாக ஒரு விசில் ஊதினார். யாரோ இறங்குகிறார்கள் என்று டிரைவர் நிறுத்தினார்.

"இறங்கு. அவ்வளவு சுத்தம் பார்க்கிறவ ஆட்டோவுல போ."

"அண்ணே, மழை…"

"இறங்கும்மா. டைம் ஆவுது."

அவள் எழுந்து வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். ரெட்டைத் தூக்கு அக்கா தன் பாத்திர மூடியைச் சரிசெய்தாள். வாத்தியார் கண்ணை மூடியிருந்தார். படிக்கட்டு ராஜா விலகி வழிவிட்டான். அவள் இறங்கியதும் கண்டக்டர் கிளம்புவதற்கான இரட்டை விசிலை ஊதினார். இரண்டாவது பாதியில் நின்றுபோய் இருமலாக முடிந்தது. மூடிய வண்டிக்குள் தொழிற்பேட்டை வரைக்கும் இருமினார். கண்டக்டரை இறக்கிவிட யார் இருக்கிறார்கள்?

அடுத்த வாரக் கடைசியில் ஒருநாள் டிரைவர் வண்டியை ஓரம்கட்டிவிட்டுப் பின்னால் வந்தார்.

"மாப்ள, ரெண்டு விசில் அடிச்சா ஒண்ணரைதான் கேக்குது. போறதா நிக்கறதான்னு எனக்கே குழப்பமா இருக்கு. வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"சளிதான் மாமா."

"சளியா இருந்தா டாக்டர் சொல்லட்டும். நீ சொல்லாத."

அன்றிலிருந்து கண்டக்டர் லீவு. படம், சளி என்று அலைந்து டிசம்பர் நாலாம் தேதி முடிவு வந்தது. காசநோய். நெஞ்சில் நன்றாகவே இறங்கியிருந்தது. ஆறு மாத மாத்திரை. சளியில் கிருமி இல்லை என்று தெரியும்வரை வண்டி ஏறக் கூடாது. டிரைவருக்கும் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். அவருக்கு ஒன்றுமில்லை. அவர் பக்கத்து ஜன்னல் மட்டும் எந்த மழையிலும் திறந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் பணியாளர் வீட்டுக்கு வந்தார். ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையலிடம். கூடத்தில் மனைவியின் தையல் மெஷின். அதைச் சுற்றிப் பள்ளிச் சீருடைத் துணி மலைபோலக் கிடந்தது. கண்டக்டர் சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தார். அவருக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர், தனிச் சொம்பு. மூன்றிலும் மனைவி சிவப்பு நூல் கட்டியிருந்தாள். ஏழாவது படிக்கிற மகள் வாசலிலேயே நின்றாள்.

பணியாளர் நேராகப் போய் ஜன்னலைத் தள்ளினார். அசையவில்லை. ரோட்டுத் தூசி துணியில் படுகிறதென்று நாலு வருடத்துக்கு முன்பு பேப்பர் ஒட்டி அடைத்தது. எட்டிய கத்தரிக்கோலை எடுத்துக் கிழித்து, கையால் இரண்டு குத்து குத்தித் திறந்தார்.

"தட்டைப் பிரிச்சு வெச்சிருக்கீங்க, ஜன்னலை ஒட்டி வெச்சிருக்கீங்க. தலைகீழா பண்றீங்கம்மா."

"இல்ல மேடம், எச்சி படக் கூடாதுன்னு…" என்றாள் மனைவி.

"இது தட்டுல வராது. துணியில வராது. கஞ்சி குடிச்ச டம்ளர்ல வராது. இருமும்போது காத்துல வரும். மூடின இடத்துல, பக்கத்துல, ரொம்ப நேரம் இருந்தா ஒட்டும்."

கண்டக்டர் தலையை நிமிர்த்தினார். "டிக்கெட்டுல?"

"டிக்கெட்டுலயா?"

"எச்சி தொட்டுக் கிழிக்கிறது."

"அது அசிங்கம்தான் சார். வேற நோய் வரும், விட்டது நல்லது. ஆனா இதுக்கு டிக்கெட் இல்ல, ஜன்னல்தான். மழைக்காலத்துல வண்டியில ஷட்டரெல்லாம் இறக்கிடுவீங்களா?"

கண்டக்டருக்குத் தன் இரண்டு கையையும் எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "ஆமா" என்றார். யார் இறக்குவது என்று பணியாளர் கேட்கவில்லை.

தினமும் கூடவே வருகிறவர்கள் பட்டியல் வேண்டும் என்றார் பணியாளர். கண்டக்டர் அன்று சாயங்காலமே ஒரு நோட்டில் எழுதிவைத்தார். நிறுத்தம் வாரியாக, சீட்டு வாரியாக. மறுநாள் அதை வாங்கிப் படித்த பணியாளர் முதலில் முறைத்தார், பிறகு முடியாமல் சிரித்துவிட்டார்.

"பாலம் ஸ்டாப், சோடாப்புட்டி. தண்ணித் தொட்டி ஸ்டாப், சண்டைக்காரப் பெரியம்மா. சார், இதை வெச்சுக்கிட்டு நான் எந்த வீட்டுக் கதவைத் தட்டறது?"

"பார்த்தா காட்டிடுவேன் மேடம். பேருதான் தெரியாது."

"இருபத்திரண்டு வருஷமாவா?"

பணியாளர் தன் நோட்டில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அவர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

பார்த்துக் காட்டுவது என்றே முடிவானது. டிசம்பர் எட்டாம் தேதி காலை, கண்டக்டர் முகமூடி கட்டிக்கொண்டு, முதல் நிறுத்தத்துக்கு எதிர்ப்புறம் மரத்தடியில் நின்றார். பக்கத்தில் நோட்டோடு பணியாளர். டெப்போவில் சொல்லி வைத்து, மறுநாளிலிருந்து ஒரு வாரம் தொழிற்பேட்டை வாசலில் பரிசோதனை முகாம் போடுவதாக ஏற்பாடு. பட்டியலில் உள்ள மற்ற நிறுத்தத்து ஆட்களைக் காட்டி, பெயர் கேட்டு எழுதித் தர டிரைவர் ஒப்புக்கொண்டிருந்தார். வண்டி வந்து நின்றது. புதுக் கண்டக்டர் ஓர் இளவட்டம், விசில் கணீரென்று இருந்தது. பழையவர் பையிலிருந்த கையை எடுக்காமல், மோவாயால் காட்டிக்கொண்டே வந்தார். அவர் வாத்தியார். அந்த நீலப் புடவை, ரெட்டைத் தூக்கு. பணியாளர் அடையாளம் குறித்துக்கொண்டே வந்தார்.

கடைசியாக அவள் ஓடிவந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். ஏறுவதற்கு முன் படியில் நின்று, உள்ளே கண்டக்டர் யார் என்று எட்டிப் பார்த்தாள். பிறகு ஏறினாள்.

"அந்தப் பொண்ணு?" என்றார் பணியாளர். "தலையில பஞ்சோட போகுதே, ரெகுலரா?"

கண்டக்டர் டீக்கடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அது… எப்பவாவது வர்ற ஆளு மேடம்."

பணியாளர் நோட்டில் கோடு போட்டார். பட்டியலில் மொத்தம் முப்பத்தொரு பேர்.

வீட்டுக்கு நடக்கும்போது அவர் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். அவளைக் கேட்டால் அவள் அன்றைக்கு நடந்ததைச் சொல்வாள். அந்தம்மா கேட்பார். விஷயம் டெப்போவுக்குப் போகும். ஏற்கெனவே நோயாளி, இதுவும் சேர்ந்தால் என்ன மிச்சம்? தவிர, அன்று முழு தூரம் அவள் வண்டியில் இருக்கவே இல்லையே. இந்தக் கடைசி நியாயம் வந்தபோது, நல்லவேளை முகமூடி கட்டியிருக்கிறோம் என்று நினைத்தார்.

பத்து நாள் போனது. மாத்திரை வயிற்றைப் புரட்டியது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. மனைவி காலையில் முட்டை அவித்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து விழுங்கும்வரை பார்ப்பாள். சிவப்பு நூலை அவிழ்த்துவிட்டிருந்தாள். மகள் கூடத்துக்கு வந்து படித்தாள், திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில். ரோட்டுத் தூசி தினமும் சீருடைத் துணி மேல் படிந்தது. மனைவி தினமும் உதறினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே நோட்டைப் பார்த்தாள். அவர் எழுதிய முதல் பிரதி.

"சண்டைக்காரப் பெரியம்மாவா! உங்க வாயில புழு வெக்க. சோடாப்புட்டி… இது யாரு, மூக்குப்பொடி மேஸ்திரியா?" பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்தாள். மகளும் சிரித்தாள். அவரும் கொஞ்சம் சிரித்தார். ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே கடைசிவரை வந்தாள். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமை.

"அந்தப் பொண்ணு எங்க?"

"எந்தப் பொண்ணு?"

"குவாரியில இறக்கி விட்டீங்களே."

மகளைக் கடைக்குப் போய் நூல் வாங்கி வரச் சொன்னாள். மகள் வாசலைத் தாண்டியதும் அவர் கேட்டார்.

"யார் சொன்னது?"

"ரெண்டாவது தெரு அம்மா. பாவாடைக்கு அளவு குடுக்க வந்தாங்க. என் புருஷன் வண்டின்னு தெரியாம சொன்னாங்க. யாரோ ஒரு பாவி கண்டக்டர், இருமுச்சுன்னு ஒரு பொண்ணை மழையில இறக்கி விட்டுட்டானாம்னு. ஆமா, பாவிதாங்கன்னு நானும் சொல்லிட்டு அளவு எடுத்தேன்."

"அன்னிக்கே கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா இல்லைம்பீங்க. நான் நம்பின மாதிரி இருக்கணும். அதுக்குக் கேக்காமலே இருந்துடலாம்."

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"நம்ம பொண்ணுக்குப் பார்த்தாச்சு. எனக்குப் படம் எடுத்தாச்சு. ஏறினதும் தூங்கற வாத்தியாருக்குக்கூட எழுதிக் குடுத்திருக்கீங்க. உங்க மூக்குக்கு முன்னாடி உக்காந்தவ அவ. அவ மட்டும் என்ன பாவம் பண்ணா?"

"அவ எதிர்ல போய் எப்படி நிக்கறது? காறித் துப்புவா."

"துப்பட்டும். எச்சியில இந்த நோய் வராதுன்னு அந்தம்மா சொன்னாங்கல்ல."

மறுநாள் திங்கட்கிழமை அவர் ஆறு பத்து வண்டியில் ஏறவில்லை; ஏறக் கூடாது. ஏழு கிலோமீட்டர் நடந்தார். மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து குவாரி நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து தொழிற்பேட்டைவரை இன்னும் நான்கு கிலோமீட்டருக்குப் பாதையின் இரண்டு பக்கமும் ஒதுங்க ஒரு மரமும் கிடையாது, ஒரு கூரையும் கிடையாது. வண்டியிலிருந்து அதை அவர் கவனித்ததில்லை.

மெத்தைப் பட்டறை தகரக் கொட்டகை. பஞ்சு பறந்துவிடும் என்று கதவையும் அடைத்திருந்தார்கள். உள்ளே மெஷின் பஞ்சைப் பிரிக்கிற இரைச்சல். வாசலில் நின்ற ஒருவரிடம், தலையில் பஞ்சோடு வருமே, பதினேழாம் நம்பர் வண்டியில் வரும் பெண் என்று சொன்னார். அவர், இங்கே எல்லோர் தலையிலும் பஞ்சுதான் என்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "யாருப்பா பஸ்ஸுல இறக்கி விட்ட பொண்ணு?" என்று கூப்பிட்டார்.

அவள் மூக்கில் கட்டிய துணியை அவிழ்த்துக்கொண்டே வந்தாள். முகமூடிக்கு மேலே தெரிந்த கண்ணை வைத்தே அவரை அடையாளம் கண்டுகொண்டாள்.

"உங்களைத்தான் தேடிட்டிருக்கேன்" என்றாள். "இருங்க, வரேன்."

திரும்பி வரும்போது கையில் அந்தப் பிளாஸ்டிக் உறை. உள்ளிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

"படிச்சுப் பாருங்க. பஸ்ஸுலயே ஏத்தலையாம், இங்க எப்படி வெச்சுக்கறதுன்னு முதலாளி நிறுத்திட்டாரு. நோய் இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வான்னாரு. அலைஞ்சு வாங்கி வந்து சேர பன்னண்டு நாளாச்சு. உங்ககிட்டயும் காட்டணும்னுதான் தினமும் எடுத்துட்டு வரேன். நீங்கதான் வண்டியில இல்ல."

நவம்பர் இருபத்தொன்று என்று தேதி போட்டு, சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று இருந்தது. முத்திரை இருந்தது. மடித்து மடித்துக் காட்டியதில் மடிப்போரம் கிழிந்திருந்தது.

"இனிமே உக்காரலாமில்ல?" என்றாள். நக்கலாகக் கேட்கவில்லை. அனுமதிதான் கேட்டாள்.

அவர் நாலடி பின்னால் நகர்ந்தார்.

"எனக்குத்தாம்மா" என்றார்.

"என்ன?"

"நோய் எனக்குத்தான். ஆகஸ்ட்லயே இருந்திருக்கு. மாத்திரை சாப்பிடறேன். கூட வந்தவங்க எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கறாங்க. உன்னை… உன்னை நான் எழுதிக் குடுக்கல."

கொட்டகைக்குள் மெஷின் நின்று மறுபடி ஓடியது.

"இங்க வாசல்ல முகாம் போட்டாங்களே, பேர் கூப்பிட்டுக் கூப்பிட்டு. அதுவா?"

"ஆமா."

"நான் போய்க் கேட்டேன். உங்க பேர் இல்லம்மான்னாங்க. நல்லதுதான்னு வந்துட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் காகிதத்தை மடித்தாள். கிழிந்த மடிப்பு பிரியாமல் உறைக்குள் வைத்தாள்.

"அன்னிக்கு வண்டியில நீங்களும் இருமினீங்க."

"ஆமாம்மா."

"அப்ப நீங்க ஏன் இறங்கல?"

அவர் பணியாளரின் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். 

"டெஸ்ட் எடுத்துக்கோம்மா. இதுல நம்பர் இருக்கு, அந்த மேடம் நல்லவங்க. முதலாளிகிட்ட வேணா நான் வந்து சொல்றேன்."

"வேணாம். நீங்க ஒரு தடவை சொன்னதே போதும்."

சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டாள். அவர் பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தார்.

"உன் பேர் என்னம்மா?"

சொன்னாள். கொட்டகை இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை சொன்னாள். எழுதினார். அந்த நோட்டில் பெயராக எழுதப்பட்ட பெயர் அது ஒன்றுதான்.

ஆறு பத்து வண்டிக்காரர்கள் முப்பத்திரண்டு பேருக்குச் சோதனை நடந்தது. மூன்று பேருக்கு நோய் இருந்தது: வாத்தியார், ரெட்டைத் தூக்கு அக்கா, மெத்தைப் பட்டறைப் பெண். அவளுக்கு நவம்பரில் தெரியாதது ஜனவரிப் படத்தில் தெரிந்தது. பட்டியலில் முதலிலேயே இருந்திருந்தால் பத்து நாள் முன்னால் பார்த்திருக்கலாம் என்று பணியாளர் கண்டக்டரிடம் சொன்னார். ஆனால் தன் ஏட்டில் அதை எழுதவில்லை.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி கண்டக்டர் வேலைக்குத் திரும்பினார். மழையென்றாலும் இரண்டு பக்கமும் நான்கு ஷட்டர் திறந்தே இருக்க வேண்டும் என்று டெப்போவில் சுற்றறிக்கை ஒட்டியிருந்தார்கள். முதல் நடையில் அவரே போய்த் திறந்தார். காற்று அடிக்கிறது என்று இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள்.

அந்தப் பெண் ஜூலை வரை மாத்திரை சாப்பிட்டாள். குணமானது. பட்டறையில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். இப்போது ஊரின் மறுகோடியில் ஒரு துணிக் கிடங்கில் வேலை செய்கிறாள். பதினேழாம் எண் வண்டி அந்தப் பக்கம் போவதில்லை.